பிணமாகப் படுத்தவர் எழுந்து சிரிக்க வேண்டும்

டில்லியில் பேய்ப் படம் எடுக்கக் கிளம்பியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. பதினொன்றாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். மூன்றாவது தடவை எழுதுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பார்த்துச் சலித்துவிட்டது. அப்பா மத்திய சர்க்காரில் கிளார்க். சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். எங்கள் பிளாக்கில் என் வயதுப் பையன்களெல்லாம் டைப்ரைட்டிங் படித்துவிட்டு அப்பாக்கள் ஏறிய அதே பஸ்ஸில் ஏறினார்கள். நான் பிலிம் பெட்டி தூக்கினேன்.

பெட்டி தூக்குவது என்றால், ஒரு விநியோகஸ்தரின் ஆள் என்ற பெயரில் படப் பெட்டியோடு உத்தரப் பிரதேசத்துச் சின்ன ஊர்களுக்குப் போவது, படம் ஓடும் நாள் வரை தியேட்டரிலேயே கிடப்பது. அப்படிக் கிடந்ததில் ஒன்று கண்டுகொண்டேன். காதல் படத்துக்கு ஈ ஓட்டிய தியேட்டர்கள் பேய்ப் படத்துக்கு நிரம்பின. பேய்ப் படத்துக்குப் பெரிய ஹீரோ வேண்டாம். பாட்டுகூட வேண்டாம். பழைய கட்டடம் ஒன்றும் எண்ணெய் போடாத கதவு ஒன்றும் இருந்தால் போதும். டில்லியில் பழைய கட்டடத்துக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் யாராவது ஒரு நவாபின் கல்லறைமேல்தான் விழ வேண்டும்.

அப்பாவுக்குத் திருநெல்வேலி பேச்சு கடைசிவரை மாறவில்லை. “பேயக் காட்டிச் சோறு திங்கப் போறியாக்கும்? நீ வெளங்குவல” என்றார்.

“ஆபீஸ்ல உங்க செக்‌ஷன் ஆபீசரப் பாத்து நீங்க நடுங்குறத விடவாப்பா?” என்றேன்.

அப்பா செருப்பைத் தேடினார். பேச்சை எடுப்பதற்கு முன்னாலேயே நான் அதை ஒளித்து வைத்திருந்தேன்.

கரோல் பாக்கில் ஸ்கூட்டர் உதிரிபாகம் விற்கும் ஒரு பஞ்சாபிக்கு சினிமா ஆசை இருந்தது. அவர் பைனான்சியர் ஆனார், நான் தயாரிப்பாளர் ஆனேன். கேமராவுக்கு ஒரு வயதான வங்காளி கிடைத்தார். சர்க்காருக்காக அணைக்கட்டும் கோதுமை வயலும் படம் பிடித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை அவர் பாஷையிலேயே தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். எங்களுக்குள் ஹிந்திதான்.

எங்கள் படத்தில் ராத்திரியெல்லாம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். விளக்கு வாடகைக்கு எடுக்க வழியில்லை. மே மாத வெயிலில், லென்ஸுக்கு முன்னால் நீலக் கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் நிலா வெளிச்சம்போல இருக்கும். “குளிருது, குளிருது” என்று வசனம் பேசும் கதாநாயகிக்கு மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டும். ரத்தம் என்று ரோஜா சர்பத்தை ஊற்றினால் கட் சொல்வதற்குள் எறும்பு வந்துவிடும். பிலிமும் அப்படித்தான். சர்க்கார் கோட்டாவில் பிலிம் வாங்கும் அளவுக்கு நாங்கள் பெரிய மனிதர்கள் இல்லை. பம்பாயில் பெரிய கம்பெனிகள் எடுத்து மிஞ்சிய ரோல்களின் வால் துண்டுகள்தாம் கிடைத்தன. அறுபது அடி, நாற்பது அடி. தாதா ஒவ்வொரு அடியையும் சர்க்கரை நோயாளி இனிப்பை எண்ணுவதுபோல எண்ணுவார்.

பேயாக நடிக்க ஆள் தேடியபோதுதான் அந்த அண்ணனைப் பார்த்தேன். கிட்வாய் நகர் பக்கம் கட்டடம் ஒன்றில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார். ஊர் விழுப்புரம் பக்கம். நல்ல உயரம், ஒட்டிய கன்னம், தோள் எலும்பில் சட்டையை மாட்டிவிட்டதுபோல இருப்பார். கீழே நின்று கத்தினேன்.

“அண்ணே, சினிமால நடிக்க வர்றீங்களா? ஒங்களுக்குன்னா மேக்கப் செலவு மிச்சம்!”

அவர் மேலிருந்தே கேட்டார். “இன்னா வேஷம் தம்பி?”

“மொதல்ல பொணம். அப்பறம் பேய்.”

“பொணம்னா படுத்துக்கினே இருக்கலாமா?”

“ஆமா.”

“அப்ப வரன். நின்னுக்கினு செய்யற வேலதான் தெனமும் இருக்குதே.”

அவர் மனைவியும் அதே வேலையிடத்தில் செங்கல் சுமப்பவள். ஷூட்டிங் இருக்கும் நாட்களில் மூன்று வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் வருவாள். நான் அவளை அக்கா என்பேன். அண்ணன் முகத்தில் பஞ்சையும் பசையையும் ஒட்டி, முல்தானி மிட்டி பூசி, எரிந்த சதைபோலச் சாயம் அடிப்போம். காய்ந்தால் தோல் இழுக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒருநாள் அந்த வேஷத்தோடேயே தெருமுனை டீக்கடைக்கு அனுப்பினேன். போய் நின்று, “பாய்சாப், ஏக் சாய்” என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். கடைக்காரன் பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினான். அண்ணன் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். பஞ்சு பிய்ந்துவிடும் என்று நான் கத்த, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிணமாகப் படுக்க வேண்டிய காட்சி வந்தது. ஹவேலி என்கிற பழைய மாளிகையில் கொலையான வேலைக்காரனைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டு, நெற்றியில் காசு. இந்த ஒரு காட்சிக்கு மட்டும் முகத்தில் பூச்சு கிடையாது. பேயாவது அதற்குப் பிறகுதான்.

நாங்கள் தயாராவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“தம்பி, படுக்க வெச்சி எடுத்தா அப்பறம் எழுப்பி சிரிக்க வெச்சி எடுக்கணும். எங்க ஊராண்ட ஷூட்டிங் வந்தப்ப அப்டித்தான் செஞ்சாங்க. நான் பாத்தன்.”

அவள் சொன்னது சரி. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் சில அடி எடுக்க வேண்டும், அப்போதுதான் செத்தது செல்லாமல் போகும் என்பது சினிமாக்காரர்களின் வழக்கம். எவ்வளவு பெரிய நடிகரானாலும் செய்வார். எனக்கும் தெரியும்.

“கண்டிப்பா எடுத்துருவோம்க்கா” என்றேன்.

ஷாட் முடிந்தது. கேமராவில் இருபது அடி மிச்சம் என்று தாதா சொன்னார். கதவுக் கைப்பிடிமேல் ஒரு கை வந்து விழும் ஷாட்டுக்கு அது வேண்டும். நான் தாதாவிடம் ஹிந்தியில், “பிலிம் இல்லாத காலி மேகசினை மாட்டிச் சும்மா ஓட்டுங்கள்” என்றேன்.

“இதில் விளையாடாதே.”

“அவர்களுக்கு என்ன தெரியப் போகிறது?”

தாதா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேகசினை மாற்றிக் கேமராவை ஓடவிட்டார். பிலிம் இல்லாமலும் அது கிர்ரென்று ஓடியது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து, பஞ்சையும் கட்டையும் எடுத்துவிட்டு, வெட்கத்தோடு கொஞ்சம் சிரித்தார். எனக்கு அதில் ஒரு குஷி வந்துவிட்டது.

“இன்னும் சிரிங்கண்ணே! பல்லு தெரியணும்! அக்காவப் பாக்காதீங்க, கேமராவப் பாருங்க! இதென்ன ரேஷன் கடைல நிக்கிற மூஞ்சி? பல்லு, பல்லு!”

அவர் உண்மையாகவே சிரித்தார். குழந்தையும் சிரித்தது. அக்கா கிட்டே போய் அவருக்குத் திருஷ்டி கழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரித்தாள். அத்தனையும் சடசடவென்று நெரிந்தன. அன்று டீ வந்தபோது தாதா தன் கிளாஸை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

படம் முடிந்தது. நெகட்டிவ் பம்பாய் லேபில் பைனான்சியர் பெயரில் இருந்தது. சென்சாருக்காகக் காத்திருந்தோம். அண்ணன் சாரம் கட்டப் போய்விட்டார். பெரிய விளையாட்டுப் போட்டி வரப்போகிறது என்று அப்போது ஊர் முழுவதும் ஜல்தி ஜல்தியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குக் குறைவில்லை. ஒரு தனியார் கட்டடத்தில் ஐந்தாவது மாடி உயரத்தில் கயிறு அறுந்து சாரம் சரிந்தது. அண்ணன் முகம் கீழாக விழுந்தார். அக்கா வேறொரு இடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் தலையைத் துணியால் முழுக்கச் சுற்றிவிட்டிருந்தார்கள். பார்க்காதே என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே மின்சார மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு மூன்றாம் நாள் தெரிந்தது. நான் போகவில்லை. சென்சார் வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றாள். கதவைத் திறந்தது அப்பா. உள்ளே வரச் சொல்லியும் அவள் வரவில்லை.

“தம்பி, அவுரு மொகத்த எனக்குக் காட்டல. வூட்ல ஒரு போட்டோ கெடையாது. கல்யாணத்துல கூட எடுக்கல. மேஸ்திரி நோட்டுல பேரு மட்டுந்தான் இருக்குது. அன்னிக்கு சிரிக்க வெச்சி எடுத்தீங்களே, அத ஒரு போட்டோவா போட்டுக் குடுங்க. இந்தப் புள்ளைக்கு அப்பன் மொகம் தெரியணும். இப்பவே மறக்குது.”

“அது லேப்ல இருக்குக்கா. பம்பாய்லேர்ந்து வரணும்.”

“எப்ப வரும்?”

“அடுத்த வாரம்.”

அடுத்த வாரம் வந்தாள். இன்னும் வரவில்லை என்றேன். அதற்கடுத்த வாரமும் வந்தாள். பெட்டி ரயிலில் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கம். ஆனால் கேட்பவர்கள் நம்பாமல் திட்டுவார்கள், அதில்தான் சுவாரஸ்யமே. அக்கா ஒவ்வொன்றையும் நம்பி, தலையாட்டிவிட்டு, குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெயிலில் திரும்பிப் போனாள்.

மூன்றாவது தடவை அவள் போன பிறகு அப்பா கேட்டார். “அந்தப் பொம்பள அம்புட்டுத் தூரம் நடந்து வாரா. கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானல?”

“அந்தப் படமே இல்லப்பா. கேமராவுல பிலிம் போடல.”

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அதயும் வெளையாட்டாத்தான் பண்ணியோ?”

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அன்று சாயங்காலமும் என்னோடு பேசவில்லை.

நானும் தாதாவும் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, கையில் இருந்த பாஸிட்டிவ் பிரதி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பேய். எரிந்த முகம், முதுகு, கதவில் வந்து விழும் கை. பூச்சு போடாத முகம் எங்காவது தவறிப்போயாவது விழுந்திருக்கும் என்று தேடினோம். கிளாப் அடிக்கும் இடத்தில் பலகை மறைத்திருந்தது. கடைசியில் முழு முகம் இருந்தது பிணமாகப் படுத்த அந்த ஷாட்டில் மட்டும்தான். மூக்கில் பஞ்சோடு, தாடைக் கட்டோடு, கண் மூடி.

“கரோல் பாக்கில் ஒரு ஆள் இருக்கிறான். செத்தவர்களின் கண்ணைத் திறப்பான்” என்றார் தாதா.

அது ஒரு போட்டோ ஸ்டூடியோ. பின்கட்டில் ஒரு கிழவர், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு, மயிரிழைபோல இருந்த தூரிகையால் டச்சிங் செய்துகொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது போட்டோ எடுக்காத குடும்பங்கள் செத்தபிறகு எடுத்துக்கொண்டு வருமாம். இவர் கண்ணைத் திறந்து, கோட்டும் டையும் போட்டு அனுப்புவாராம். எங்கள் கட்டத்தைப் பெரிதாக்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“கண் எப்படி இருக்கும்? சின்னதா, பெரிதா? உள்ளே போயிருக்குமா? ஒரு கண் கொஞ்சம் சாயுமா?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் அவரைக் கேலி செய்திருக்கிறேன். அவருடைய நடையை நடித்துக் காட்டுவேன். காலில் ஆணி குத்திய தழும்பு எந்தக் காலில் என்று தெரியும். ரொட்டியைச் சுருட்டி வெங்காயத்தோடு எப்படிக் கடிப்பார் என்று தெரியும். கண் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. தாதாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. லென்ஸ் வழியாக அவர் பார்த்ததெல்லாம் பஞ்சும் சாயமும்தான்.

கிழவர் ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். பக்கம் முழுவதும் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய கண்கள். ஜோடி ஜோடியாக. “இதில் ஒன்று சொல்” என்றார். நான் ஒன்றைக் காட்டினேன்.

படம் தயாரானதும் அக்காவின் குடிசைக்கு நானே கொண்டு போனேன். மத்தியானம். அன்று அவளுக்கு வேலையில்லை. தார்ப்பாயின் கீழ் அவள் உட்கார்ந்திருந்தாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. படத்தை வாங்கி முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

“இது யாரு?”

“அண்ணந்தான்க்கா.”

“மூக்கு அவுருதுதான். வாயும் அவுருதுதான்.” விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “கண்ணு யாரு கண்ணு?”

நான் தூங்கும் குழந்தையைப் பார்த்தேன்.

“சிரிச்சது எங்க தம்பி?”

லேப் என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வாயில் வரவில்லை. “அன்னிக்குக் கேமராவுல பிலிம் இல்லக்கா. சும்மா ஓட்டினோம்.”

“ஓடுச்சே. சத்தம் கேட்டுச்சே.”

“சத்தம் மட்டும்தான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பிலிமு இல்லாமத்தான் பல்லு தெரியணும், பல்லு தெரியணும்னு கத்துனியா?”

அதுவரை என்னிடம் குடுங்க, எடுத்தீங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். நீ சிரிக்க வைத்து எடுத்திருந்தால் அவர் செத்திருக்க மாட்டார் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அது மூடநம்பிக்கை, அறுந்தது கயிறு என்று மனசுக்குள்ளாவது வாதாடியிருப்பேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. அழவும் இல்லை. படத்தை என்னிடம் நீட்டினாள்.

“கண்ண வரையறதுக்கு மின்னாடி இருந்திச்சே, அது இருக்குதா?”

“இருக்கு. ஆனா மூக்குல பஞ்சு, கட்டு எல்லாம்...”

“பஞ்ச எடுக்கச் சொல்லு. கட்ட எடுக்கச் சொல்லு. கண்ணுல மட்டும் கைய வெக்காத. மூடி இருந்தாலும் அது அவுருது.”

“பாப்பாவுக்கு இன்னா சொல்லுவீங்க?” என்று அவள் பேச்சிலேயே கேட்டுவிட்டேன். கேலியாக இல்லை, தானாக வந்துவிட்டது.

“தூங்கறப்ப எடுத்ததுன்னு சொல்லுவன். தூங்கறப்ப இப்டித்தான் இருப்பாரு. எனக்குத் தெரியும்.”

கரோல் பாக் கிழவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணைத் திறக்கத்தான் எல்லோரும் வருவார்கள், மூடச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை என்றார். இருந்தாலும் செய்தார். நெற்றிக் காசை அழித்தார், மூக்குத் துவாரத்தில் நிழல் வைத்தார், தாடையில் கட்டு இருந்த இடத்தில் இரண்டு நாள் தாடி வைத்தார். அக்கா அதை வாங்கி, சேலைகளுக்கு நடுவில் வைத்து டிரங்குப் பெட்டியை மூடினாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் படம் வெளிவந்தது. டில்லியில் ஒரே ஒரு தியேட்டர், மத்தியானக் காட்சி. முதல் நாள் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். முதல் ரீலிலேயே பிணக் காட்சி. திரை முழுக்க அண்ணன். ஹால் நிசப்தமாக இருந்தது. அப்போது முன்வரிசையில் ஒருவன் கத்தினான், “அரே, பொணம் மூச்சு விடுதுடா!” என்ற அர்த்தத்தில். ஹாலே குலுங்கிச் சிரித்தது. உண்மைதான். அண்ணனின் வயிறு ஏறி இறங்கியது. ஷாட் எடுத்தபோதே தாதா கவனித்துச் சொன்னார், திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை. சிரிப்புக்கு நடுவில் எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவை.

சிரிக்காத ஒரு தலை முன்பெஞ்சில் தெரிந்தது. அக்கா. யார் சொல்லி வந்தாள் என்று தெரியாது. போஸ்டரில் பேயைப் பார்த்து அடையாளம் கண்டிருக்க வேண்டும். அந்த ஷாட் முடிந்ததும் எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பேய் வருவதற்கு அவள் இருக்கவில்லை. மறுநாளும் வந்தாள், அதே இடம் வரை பார்த்தாள், போனாள். கேட்காரனிடம் சொல்லி அவளைச் சும்மா உள்ளே விடச் செய்தேன். படம் ஓடிய ஒரு வாரமும் வந்தாள். ஏழு நாளும் ஹால் சிரித்தது.

எட்டாம் நாள் போஸ்டர் மாறியிருந்தது. அதன் முன்னால் நின்றிருந்தாள். நான் பெட்டியோடு வெளியே வந்தேன்.

“எங்க போவுது?”

“ஹாபூர். நான்தான் எடுத்துட்டுப் போறேன்.”

“திரும்பி வருமா?”

இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். “வரும்க்கா. ஆனா மொத ரீல்தான் சீக்கிரம் தேயும். கோடு விழும். அறுந்தா ஆபரேட்டர் அந்த எடத்த வெட்டிட்டு ஒட்டிருவான். அப்படியே வராது.”

அவள் தலையாட்டினாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அதற்குப் பிறகு நான் இரண்டு பேய்ப் படம் எடுத்துவிட்டேன். இரண்டும் ஓடின. முதல் படத்தின் பிரிண்ட் சுற்றிவிட்டுக் குளிர்காலத்தில் திரும்பி வந்தது. அக்கா இருந்த குடிசைகளை அதற்குள் பிரித்துவிட்டிருந்தார்கள். யமுனைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார், ஊருக்கே போய்விட்டாள் என்று இன்னொருவர் சொன்னார். நானும் தாதாவும் முதல் ரீலைப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் சொல்லாமலேயே எந்தெந்த ஊர்களிலோ ஆபரேட்டர்கள் அந்த இடத்தில் பலமுறை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அண்ணன் இப்போது ஒரு தடவைதான் மூச்சு விடுகிறார். அதுவும் பாதி.